முதல் அறுப்பு

விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
போஹோர்யே மலைச்சரிவில்
புல் இடுப்பளவு நிற்கிறது.
களஞ்சிய வாசலில் யெர்னெயின் டிராக்டர்,
கத்திகளை மடக்கிக்கொண்டு.

நேஷா ட்ரோனை மேலேற்றுகிறாள்.
பகலில் தபால் நிலையத்தில்
முத்திரை குத்தும் விரல்கள்.
திரையில் குளிர்ந்ததெல்லாம் நீலம்,
சூடுள்ளது மட்டும் வெள்ளை.

முதல் வெள்ளை ஒரு பாறை.
நேற்றைய வெயிலை
இன்னும் விட மனமில்லாமல் வைத்திருக்கிறது.
இரண்டாவது ஓடுகிறது. முயல்.
இடம், வலம், சட்டென்று வந்த வழியே ஒரு திருப்பம்;
பருந்துக்கென்று பழகிய கோணல்.
ட்ரோனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டது.
விடு அதை, என்கிறேன்.
ஓடத் தெரிந்தது பிழைத்துக்கொள்ளும்.

நாங்கள் தேடி வந்தது ஓடாததை.

வேலியிலிருந்து இருபது தப்படியில்
கைக்குட்டை அகலத்துக்கு ஒரு வெள்ளை.
"அசையல," என்கிறாள் நேஷா.

மான் மறி. பிறந்து எட்டு நாள் இருக்கலாம்.
கால்களை அடியில் மடித்து
காதுகளை முதுகோடு படியவிட்டு
கன்னத்தை மண்ணில் ஒட்டிக்கொண்டு.
முதுகெல்லாம் புள்ளிகள்,
புல்லிடையே சிந்திய வெயில் மாதிரி.
வெயில்தான் இன்னும் வரவில்லை.

நரி மூன்று முழம் தள்ளிப் போனாலும்
மோப்பம் எட்டாது.
காலடி கேட்டால் நமக்குப் பறையடிக்கும் நெஞ்சு
இதற்குத் தணிகிறது.
யாரும் சொல்லித் தரவில்லை.
பிணை நக்கிய ஈரம் காயுமுன்பே
தெரிந்திருந்தது அதற்கு:
இல்லாமல் இரு.

நரிக்கு அது போதும்.
ஓநாய்க்கும் பல நாள் போதும்.
கத்திக்கு மூக்கில்லை, கண்ணில்லை,
பசிகூட இல்லை.
பசியில்லாததை எப்படி ஏமாற்றுவது?

இரண்டு வருடம் முன்பு
யெர்னெய் நடுவயலில் டிராக்டரை விட்டுவிட்டு
நடந்தே வீடு வந்தானாம், சாவி அதிலேயே.
மிச்சப் புல் மழையில் கறுத்தது.
சொன்னது அவன் மனைவி தில்கா.
அவன் எங்களிடம் சொன்னதெல்லாம்
வயலின் எல்லை எது என்பதுதான்.

நானும் ஒருமுறை அப்படி இருந்தேன்.
மரிபோர் சந்திப்பில், நவம்பரில், எதிரே லாரி.
கைகள் ஸ்டீயரிங்கில். கால் எதிலும் இல்லை.
"ஏன் நகரல?" என்று கேட்டார் போலீஸ்காரர்
படிவத்தில் பேனாவை வைத்தபடி.
பயம் என்று எழுதிக்கொண்டார்.
பயமா அது? எனக்கு அப்போது
வைப்பரின் சத்தம் மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது.
லாரிக்காரர் ஒடித்துத் திருப்பினார்.
அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கையுறைக்கு மேல் இரண்டு பிடி புல்.
மனித வாடை ஒட்டக் கூடாது.
தூக்கினால் எடையே இல்லை,
ஈரத்துணியைப் போலத் தொங்குகிறது.
பிறகு, பெட்டிக்கு நாலடி இருக்கும்போது,
கத்தியது.
இவ்வளவு சிறிய உடம்பில் எங்கே வைத்திருந்தது அதை!

காட்டோரத்தில் பிணை குரைத்தது.
குளம்பால் தரையை உதைத்தது.
ஓடியது, நின்றது, எங்களை நோக்கி நாலடி வந்தது,
மறுபடி ஓடியது.
ஒரே உடம்பை இரண்டு உத்தரவுகள்
இழுத்துக்கொண்டிருந்தன.

மர நிழலில் பெட்டி. மேலே கனமாக ஒரு பலகை.
பதினோரு மணிக்குள் வயல் மொட்டையானது.
பலகையை எடுத்துப் பெட்டியைச் சாய்த்தோம்.
மறி வெளியே வரவில்லை.
திறந்த வாசலில் கன்னத்தைத் தரையில் ஒட்டி
இல்லாமலேயே இருந்தது.
தூரப் போய்விட்டோம்.

மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் நேஷா.
காட்டிலிருந்து பெரிய வெள்ளை ஒன்று இறங்கியது,
தயங்கியது, கொஞ்சம் நெருங்கியது.
பேட்டரி நான்கு சதவீதம்.
ட்ரோனை இறக்கவேண்டியதாயிற்று.

கடைசிப் பட்டையில் யெர்னெய் வண்டியை நிறுத்தினான்.
இறங்கினான். புல்லை விலக்கினான்.
பாறை அது, காலையிலேயே சொல்லியிருந்தோம்.
இருந்தும் குனிந்து
அதன்மேல் உள்ளங்கையை வைத்து
கொஞ்ச நேரம் வைத்தபடி நின்றான்.